மயிலாடி ரோட்டில் நின்ற போலீஸ்காரர்

ஒருநாள் சாயங்காலம் மயிலாடி ரோட்டில், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி மச்சானோடு ஊர்க்கதை பேசியபடி ஸ்கூட்டரில் போனேன். வளைவில் ஒரு போலீஸ்காரர் என்னையே பார்த்து நின்றார். ஏற்கெனவே ஒருமுறை இதற்காகப் பிடிபட்டவன் நான். இந்தத் தடவை லைசென்ஸ் போய்விடும்.

வண்டியை நிறுத்தினேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் பூட்ஸிடம் சொன்னேன். "சார், மன்னிக்கணும். ஆஸ்பத்திரியில இருந்து அவசர போன்."

பதில் இல்லை. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாரோ?

"செரி சார், மச்சான்தான். சும்மா பேச்சு. இனிமே செய்யமாட்டேன்."

அப்போதும் மௌனம். சட்டைப்பையில் கேமரா வைத்து என் வாக்குமூலத்தைப் பதிகிறாரோ?

பக்கத்துச் சிற்பக்கூடத்திலிருந்து உளியோடு வந்த சிற்பி சிரித்தார். "அண்ணாச்சி, அவருக்கு இன்னும் கண்ணே திறக்கல்ல. நேத்துதான் பெயின்ட் அடிச்சோம்."

அசடு வழியச் சிரித்தேன். "போலீசுக்கு எதுக்குவே சிலை?"

"டூட்டியில நின்னவர வண்டி இடிச்சு, ஆளு போயிட்டாரு. ஓட்டினவன் போன் பேசிட்டு வந்திருக்கான். வீட்டுக்காரங்கதான் சிலை செய்யச் சொன்னாவ."

என் சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டுக்குள் மச்சான் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். போனை அணைத்தேன்.

மச்சான் புண்ணியத்தில், சிலையிடம் மன்னிப்புக் கேட்டவன் என்று ஊரே என்னைக் கேலி செய்கிறது. செய்யட்டும். ஆள் மாறிக் கேட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.