முருகம்மாளின் சுளகு

நாட்டுக்குத் தணிக்கைக் குழு இருக்கிறது. தாராவியில் எங்கள் சந்துக்கு முருகம்மாள் இருக்கிறார்.

பகலில் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைத்துத் தைப்பவர். மகன் பாண்டுப்புக்குத் தனிக்குடித்தனம் போனபின், வீட்டில் சத்தம் போட அவருடைய மிக்ஸி மட்டும்தான். ஆனால் வருடத்தில் ஒரு மாலை அவரிடம் அதிகாரம் வந்து சேரும். அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள், சந்தின் குறுக்கே வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவோம். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் முருகம்மாள், மடியில் அரிசி புடைக்கிற சுளகு. பிள்ளைகள் பார்க்கக்கூடாதது வந்தால் சுளகை லென்ஸுக்கு முன்னால் நீட்டிவிடுவார். திரை இருண்டுவிடும், சத்தம் மட்டும் வரும். காட்சி சுளகின்மேல் கலங்கலாக விழும். அதை அவர் ஒருவர் மட்டும் பார்த்து, ஆபத்து நீங்கியதும் எடுப்பார். ஆக, எங்கள் சந்திலேயே முழுப் படம் பார்த்தவர் அவர்தான்.

முன்பெல்லாம் மழைப்பாட்டுக்கு ஒரு தடவை, முதலிரவுக்கு ஒரு தடவை. அதோடு கை ஓய்ந்துவிடும். போன வருடம் போட்டது ‘குடும்பத்தோடு பாருங்கள்’ என்று விளம்பரம் செய்த படம். அதன் கதாநாயகன் மாஹிம் கடைகளில் பிளாஸ்டிக் கத்தியோடு பொம்மையாகவே விற்பனைக்கு வந்திருந்தான். இடைவேளைக்கு முன்பே அவன் வெட்ட ஆரம்பித்தான். ஏறிய சுளகு இறங்கவே இல்லை. சந்தே உட்கார்ந்து படத்தை ரேடியோ போலக் கேட்டது. காணாத ரத்தத்தைப் பிள்ளைகள் கூடுதலாகவே கற்பனை செய்துகொண்டார்கள். சுரேந்திரன் மகள் பல நாள் விளக்கை அணைக்கவிடவில்லை.

சுரேந்திரன் கொடைக் கமிட்டிச் செயலாளர். ஐரோலியில் ஒரு கம்பெனிக்கு வண்டிகள் அனுப்பும் சூப்பர்வைசர். போன மழைக்காலத்தில் தாயைப் பறிகொடுத்தவர். காரியம் முடிந்த மறுநாளே டூட்டிக்குப் போனார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

“மதினி, இந்த வருசம் பொம்மைப் படம். கரடிக்குட்டிக் கதை. சுளகுக்கு வேலையில்ல. நீங்க ஜாலியா பின்னால உக்காந்து பாருங்க.”

“பின்னாலயா? அப்போ எஞ் சேரு?”

“அதுல ஸ்பீக்கர் வைக்கணும்.”

“நல்லாருக்கே! ஏன், ஸ்பீக்கருக்கு இடுப்பு வலியோ?”

நாற்காலி போனது. அன்று மாலை முருகம்மாள் சுளகு நிறைய வறுகடலையோடு வந்து, புரொஜெக்டரை விட்டு நகராமல் நின்றார். கேட்டவர்களிடம், “கடலைதான கொண்டாந்தேன், சுளகையா கொண்டாந்தேன்?” என்றார்.

படத்தில் பனி பெய்தது. தாய்க்கரடி நோவில் படுத்தது. குட்டி தினமும் மீன் பிடித்து வந்து அதன் வாயருகே வைத்தது. ஒருநாள் மீன் அப்படியே கிடந்தது.

“செத்துட்டு,” என்றாள் சுரேந்திரன் மகள், கடலையை மென்றபடி. பிள்ளைகள் யாரும் அசரவில்லை. பெரியவர்கள் பக்கம்தான் மூச்சுச் சத்தம் மாறியது. சுரேந்திரனிடமிருந்து விக்கல் போல ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று.

மகள் திரும்பினாள். “அப்பா, அழுதியளா? அரே, கார்ட்டூன்தானப்பா!”

முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கடலை சிதறியது. சுளகு ஏறியது. சந்து இருண்டது.

“அத்தே! அசிங்கமா ஒண்ணுமே வரலியே! எடுங்க!”

“ஒங்களுக்கு இல்லட்டி. இது பெரியாளுவ பாக்கக்கூடாத சீனு. செத்த நேரம் சும்மா இரிங்க.”

அந்த இருட்டில் எத்தனை மூக்குகள் சிந்தின என்று கேட்காதீர்கள், அதில் ஒன்று என்னுடையது. எட்டிப் பார்த்தேன்; சுளகின்மேல் குட்டிக்கரடி தாயோடு ஒட்டிப் படுத்திருந்தது. முருகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனதை நான் பார்க்கவில்லை என்றே எழுதிவிடுகிறேன்.

சுளகு இறங்கியபோது திரையில் வசந்தம். குட்டி வளர்ந்திருந்தது. சுரேந்திரன் எழுந்து வந்தார். ஸ்பீக்கரைத் தூக்கித் தரையில் வைத்தார். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். அந்தக் கைக்குட்டை ஏற்கெனவே ஈரம்.

“உக்காருங்க மதினி.”

“ஸ்பீக்கரு?”

“அது கெடக்கு. இனிமே எந்தப் படத்தையும் நம்ப முடியாது. அடுத்த வருசம் ரெண்டு சுளகாக் கொண்டாங்க.”

“ரெண்டு சுளகுக்கு ரெண்டு சேரு போடணும், சொல்லிட்டேன்.”

நன்றி சொல்லும் பழக்கம் எங்கள் சந்தில் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளோ சிதறிய கடலையைப் பொறுக்கி, மண்ணை ஊதி ஊதி, அவர் மடியிலிருந்த சுளகிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள்.