கொடுவா இல்லாத ஊரில் ஏழு தூண்டில் தடிகள்

எங்கள் கராஜுக்குள் ஏழு தூண்டில் தடிகள் நிற்கின்றன. ஏழும் பாஸ் மீனுக்கென்று இரண்டு வருடமாகத் தேடித் தேடிச் சேர்த்தவை. நான் இருக்கும் நாட்டில் அந்த மீனே இல்லை என்பதை ஏழாவது தடி வந்த பிறகுதான் அறிந்தேன். ‘பிள்ளை பெற முதல் பேர் வைத்த கதை’ என்பார்கள். நான் பேர் வைத்து, தொட்டிலும் கட்டி, தாலாட்டும் பாடிவிட்டேன்.

பிழை ஒரு சொல்லில் தொடங்கியது. ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. மெனு அட்டையில் ‘சீ பாஸ்’ என்று எழுதி ஒரு மீனின் படம் போட்டிருந்தார்கள். கூன் விழுந்த முதுகு, முன்னுக்குத் தள்ளிய கீழ்த்தாடை.

“இஞ்ச பாரும், இது எங்கட கொடுவா அல்லோ!” என்றேன் என் மனிசியிடம்.

கைபேசியில் கேட்டோம். அதுவும் ஓம் என்றது. அன்றிலிருந்து என் அகராதியில் பாஸ் என்றால் கொடுவா. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த பாஸ், யாழ்ப்பாணத்தில் சுவர் கட்டுகிற மேசன் பாஸ் ஒருவர்தான்.

பாஸ் பிடிப்பது எப்படி என்று தேடினால் அமெரிக்கக்காரர்கள் கடல்போல எழுதி வைத்திருக்கிறார்கள். சொல்லித் தர ஆளில்லாமல் எல்லாவற்றையும் தானாகப் படித்து வந்தவன் நான். விடுவேனா? ஒரு தடி போதாது என்பது அவர்களின் வேதம். சின்ன இரைக்கு மெல்லிய, நுனி வளைகிற தடி. பாசிக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுக்க உலக்கை மாதிரி ஒன்று. ஆழத்தில் நீந்துகிற பொய்யிரைக்கு மெதுவாகச் சுற்றும் ரீல். மேலே துள்ளுகிற பொய்யிரைக்கு விரைவாகச் சுற்றும் ரீல். ஒன்றில் பின்னல் நூல், ஒன்றில் எங்கள் ஆட்கள் தங்கூசி என்கிற நைலோன். ஒரே தடியால் எல்லாம் செய்யப் பார்ப்பது, அகப்பையால் தலை வாரப் பார்ப்பது மாதிரி என்று எனக்கு விளங்கிப் போயிற்று.

முதலாவதை ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில், மரவள்ளிக் குவியலுக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவில் கண்டெடுத்தேன். இரண்டாவது, மங்கரே விமான நிலையத்தில் என்னோடு சரக்குப் பகுதியில் வேலை செய்தவர் வீடு மாறும்போது தந்தது. மூன்றாவது மகள் வாங்கித் தந்த பிறந்தநாள் பரிசு. மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ரீல்களைக் கழற்றி எண்ணெய் போட்டேன். தடிகளுக்கு மனிசியின் பழைய சேலையைக் கிழித்து உறை தைத்தேன்.

பிடித்தாயா என்று கேட்பீர்கள். ஏவன்டேலுக்குப் பின்னால் ஓடும் உப்பாற்றுக்கு நாலைந்து தரம் போனேன். இரண்டு கரையும் கண்டல் மரங்கள், கால் வைத்தால் முழங்கால்வரை சேறு. கண்டலும் சேறும் இருந்தால் கொடுவா இருக்கத்தானே வேண்டும்! ஒன்றும் கடிக்கவில்லை. தண்ணீர் குளிர் என்றேன், வற்று நேரம் என்றேன், நிலவு சரியில்லை என்றேன். மீன் இல்லை என்று மட்டும் நினைக்கவில்லை.

இந்த நிலையில்தான் மகளின் கலியாணப் பேச்சு வந்தது. அவளும் அவளோடு படித்த தூத்துக்குடிப் பையனும் தாங்களாகவே முடிவெடுத்திருந்தார்கள். பையனின் பெற்றோர் ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கிறார்கள். வீடியோவில் முதல் தரம் கதைத்தபோது பையனின் தாய் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. எங்க மூத்த பொண்ணக் குடுத்த எடத்துல பேசுனது எல்லாம் வெறும் பேச்சு. ஒண்ணுகூட நெசமில்ல. அவ பட்ட பாடு போதும். இந்தத் தடவ நேர்ல வந்து மனுஷங்களப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன்.”

மகள் திரைக்கு வெளியே நின்று என் சட்டையை இழுத்தாள். கவனமாகக் கதை என்று அர்த்தம்.

தாய் தேத்தண்ணி எடுக்க எழுந்து போனதும் தகப்பன் கலகலப்பாகக் கேட்டார். “உங்க ஊர்ல கொடுவா உண்டா அண்ணாச்சி? எங்க வீட்ல கொடுவா நல்லாப் பிடிப்பாங்க.”

அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது.

“ஏன் இல்லை! எங்கட வீட்டுக்குப் பின்னால உப்பாத்தில நிறைஞ்சு போய்க் கிடக்கு. போன கிழமையும் இந்தளவில ஒண்டு பிடிச்சனான். நீங்கள் வாங்கோ, நானே பிடிச்ச கொடுவாக் குழம்பு வைக்கிறம்.”

கையை விரித்தும் காட்டினேன். முழங்கை அளவு.

அழைப்பு முடிந்ததும் மனிசி கராஜுக்குள் போய் ஒரு பொய்யிரையை எடுத்து வந்தா. பாசிமேல் துள்ளவிடுகிற றப்பர்த் தவளை. அதை என் முகத்துக்கு நேரே பிடித்தா.

“தவளை எதால கெடும் எண்டு தெரியுமோ?”

“தன்ர வாயால.”

“தெரிஞ்சும் கதைக்கிறியள். அந்த மனிசி என்ன சொன்னது, நீங்கள் என்ன சொன்னியள்? பிள்ளையின்ர காரியம் உங்கட வாயில நிக்குது.”

ஒன்று பிடித்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் வர ஒரு கிழமை இருக்கையில் தூண்டில் சாமான் கடைக்குப் போய், ஏவன்டேல் உப்பாற்றில் பாஸ் கடிக்க எந்த இரை நல்லது என்று கேட்டேன். கவுண்டரில் நின்ற சமோவாப் பெண் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“எந்த ஆற்றில் என்ன மீன், அங்கிள்?”

திரும்பச் சொன்னேன். கைபேசிப் படத்தையும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். வைத்தியர் பேசுகிற குரலில் விளக்கினாள். அமெரிக்கர்கள் ஏரிகளில் பிடிக்கிற பாஸ் வேறு மீன். அது இந்த நாட்டில் இல்லை. படத்தில் இருக்கிற கொடுவாவும் இங்கே இல்லை, அதற்கு வெப்பத் தண்ணீர் வேண்டும். பாஸ் என்று இங்கே சொல்வது மூன்றாவது ஒன்று, நடுக்கடலின் அடியில் கிடப்பது, படகில் போனால்தான் உண்டு.

மூன்று மீன், ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பி ஏழு தடி! எதையாவது பிடிக்க வேண்டும்போல இருந்ததால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு கதிரையைத் தள்ளிவிட்டு, தண்ணீரும் தந்தாள்.

அதன்பிறகு செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சம். ஆசியச் சாமான் கடையின் உறைபெட்டியில் முழுக் கொடுவா ஒன்று கிடந்தது. பொதியில் இருந்த பெயர்ச் சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனிசி மீனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. “சமைப்பன். நீங்கள் பிடிச்சது எண்டு என்ர வாயால வராது.”

“அப்பா, ஜஸ்ட் டெல் தெம்” என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் பொய் என்று பட்டதால் மீனைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன்.

அவர்கள் ஒரு சனிக்கிழமை காலை வந்து இறங்கினார்கள். தகப்பன் முறுக்குத் தட்டோடு சோபாவில் அமர்ந்துகொண்டார். மீன்பிடிக்காரரை முதலில் குளிரவைப்போம் என்று அவரிடம் போனேன்.

“வாங்கோ, கராஜைக் காட்டுறன்.”

“எனக்கென்னங்க தெரியும்? எனக்குத் தண்ணியக் கண்டாலே மயக்கம். எங்க வீட்லதான் தூண்டி, படகு எல்லாம். அவங்களக் கூட்டிட்டுப் போங்க.”

பையனின் தாய் அதற்குள் எழுந்து நின்றார்.

தமிழ்நாட்டில் ‘எங்க வீட்ல’ என்றால் மனைவி என்று படங்களில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! தூண்டிலோடு சேர்த்துச் சொன்னபோது அது காதில் ஏறவில்லை. அவர்கள் வீட்டில் இவரும் தம்பிமாரும் பிடிக்கிறார்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்குத் தெரியக் கூடாதோ அந்த ஆள்தான் கொடுவாக்காரி. அவருக்குப் பின்னால் நடந்தேன்.

அவர் தடிகளை ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்தார். நுனியை நிலத்தில் ஊன்றி வளைத்தார். ரீலின் பல்லைக் காதோடு வைத்துச் சுற்றிக் கேட்டார். முதலாவதின் உருளையில் கட்டைவிரலை வைத்து ஒரு சுண்டுச் சுண்டினார். நான் விட்டால் குருவிக்கூடாகச் சிக்குகிற நூல், அவர் கையில் கோடு மாதிரிப் போனது.

“நல்ல செட்டு அண்ணாச்சி. பாத்துப் பாத்துச் சேத்திருக்கீங்க. இதுல எதுல அந்தக் கொடுவா மாட்டுச்சு?”

ஐந்தாவதைக் காட்டினேன். கை தானாகக் காட்டியது.

அவர் ரீலை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதில் நூல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்தபடியே சுற்றுக் கலையாமல் இருந்தது. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூத்த மகளைக் கொடுத்த வீட்டிலும் இப்படித்தான் யாரையாவது பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

“நான் பிடிக்கேல்லை. இந்த நாட்டில கொடுவாவே இல்லை. அது எனக்குப் போன கிழமைதான் தெரியும். ஆனா பிடிச்சனான் எண்டு உங்களுக்குச் சொன்னது, தெரிஞ்சு சொன்ன பொய். குசினியில கிடக்கிறது கடை மீன். பிழை என்ர வாயில. பிள்ளையில இல்லை.”

வாசலில் மனிசி வந்து நின்றதை அப்போதுதான் கண்டேன்.

அவர் தடியை உறைக்குள் போட்டு, சேலை நாடாவை முடிச்சிட்டார். ஒரு முடிச்சுக்கு இவ்வளவு நேரமா என்று இருந்தது.

“ஃபோன்ல நீங்க சொன்னத அடுப்படியில நின்னு கேட்ட அன்னைக்கே தெரியும். இந்தக் குளிர்ல கொடுவா எங்க வரும்? எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன்.”

நான் மனிசியைப் பார்த்தேன்.

“பொய் சொல்லாத ஆளுன்னு உங்களச் சொல்ல மாட்டேன். ஆனா நான் கேக்குறதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டு, பழிய உங்க மேலயே போட்டுக்கிட்டீங்க. மூத்தவளக் குடுத்த அந்த வீட்ல இத ஒருத்தரும் செய்யல.” பிறகு அதே மூச்சில், “சரி, இங்க நெசமா என்ன மீன் கெடைக்கும்?”

“கஹவாய்... மங்கரே பாலத்தில எல்லாரும் பிடிக்கினம்.”

“அது எவ்வளவு பெருசு? எப்படி இழுக்கும்?”

தெரியாது என்றேன். இரண்டு வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

அவர், என் மகள் தந்த மூன்றாவது தடியைத் தெரிந்தெடுத்து என் கையில் வைத்தார். “இது போதும்னு நெனைக்கிறேன். சம்பந்தி, நாளைக்குக் காலைல போவோம். ஒரு வாளியும் கத்தியும் எடுத்து வைங்க.”

நான் தடியோடு நின்றுகொண்டிருந்தேன்.

“இஞ்சருங்கோ” என்றா மனிசி வாசலில் இருந்து. “உங்களைத்தான் சம்பந்தி எண்டு சொல்லுறா.”