அரைநூலார் விட்ட இடைவெளி

பெற்றவர்கள் அந்தத் தச்சருக்கு வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் ஒரு நூல் என்பார்கள். அதில் பாதி இடைவெளி கண்ணில் பட்டாலும், செய்து முடித்த அலமாரியை மொத்தமாகக் கழற்றிப் போட்டு மறுபடி ஆரம்பிப்பார். அதனால் அவர் அரைநூல். அறுபது வயதானதும் மரியாதைக்கு ஒரு 'ஆர்' ஒட்டிக்கொண்டது.

"கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்னிக்கு என்னை எங்கே பார்த்தாரு? எங்க வீட்டுக் கதவு சரியா சாத்தலைன்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு" என்பாள் அவர் மனைவி. அவள் தையல்காரி. வாயும் ஊசிதான்.

அவளுக்கு ஒரு தொல்லை. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் பத்தாவது நிமிடம் வாந்தி. கால் நீட்டிப் படுத்தால்தான் தாக்குப்பிடிப்பாள். படுக்கவைத்துக் கூட்டிப்போகிற பஸ் எங்கே இருக்கிறது? ஒரு நாள் பயணத் தூரத்தில் மலைமேல் இருந்த அக்காவை அவள் பார்த்து எட்டு வருடமாகிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, வீட்டுப் படி இறங்க முடியாது. "அடுத்த வருஷம் வரேன்னு சொல்லாதேடி. அடுத்த வருஷத்தை நான் நம்பலை" என்று அக்கா போனில் சொன்ன அன்று, தையல்காரி ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டாள். முப்பது வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. மறுநாள் அரைநூலார் ஒரு பழைய மினி லாரியோடு வந்து நின்றார். டிரைவர் கேபினுக்குப் பின்னால் வெறும் சேசிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம்தான் இருந்தது.

அதன்மேல் வைக்க நான்கு மாதம் பாடுபட்டு ஒரு பெட்டி செய்தார். பிளைவுட் சுவர், கட்டில், மடக்கு மேசை, சின்ன அடுப்பு, எறும்பு நுழைய முடியாத இழுப்பறைகள். பதினாறு போல்ட் போட்டு, பெட்டியைச் சேசிஸோடு ஒட்ட ஒட்ட இறுக்கினார்.

லாரி விற்ற மெக்கானிக் வந்து பார்த்தார். "பள்ளம் மேட்டுல சேசிஸ் முறுக்கிக்கும்ணே. கொஞ்சம் இடம் விட்டுப் பூட்டுங்க."

"இடம் விட்டுப் பூட்டுறதுக்கு வேற ஆளைப் பாருப்பா" என்றார் அரைநூலார்.

வெள்ளோட்டத்துக்கு மனைவியை உள்ளே படுக்கவைத்துத் தெருக்கோடி வரை ஓட்டினார். திருப்பும்போது ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறியது. மடார் என்று ஒரு சத்தம். இறங்கி ஓடிப்போய்க் கதவை இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கைப்பிடி மட்டும் வந்தது. தெருவே கூடிவிட்டது.

தையல்காரி சின்ன ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். "ஏங்க, அவசரமே இல்லை. உள்ளே அடுப்பு இருக்கு, டீத்தூள் இருக்கு. நீங்க நிதானமா அளந்துக்கிட்டிருங்க."

சக்கரத்தைக் கீழே இறக்கியதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஆனால் உள்ளே, மூலையில் சுவர் விரிந்திருந்தது. அரைநூலார் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதாம்மா. உங்க அக்காவை உனக்குக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கலை."

"எழுந்திருங்க. கையைத் தூக்குங்க" என்றாள் அவள்.

தூக்கினார்.

"நீங்க பீரோ மாதிரி நிக்கிற ஆள்தான். ஆனாலும் உங்க சட்டைக்கு அக்குள்ல ரெண்டு விரல் இடம் விட்டுத்தான் தைக்கிறேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கிழிஞ்சிருக்கா?"

அவர் நடுத்தெருவில் நின்று கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். கூட்டம் சிரித்ததுகூட அவர் காதில் விழவில்லை.

அன்றே விரிசலுக்கு ஒரு சட்டம் அடித்தார். பின்பக்கப் போல்ட்டுகளை மட்டும் இறுக்கமாக விட்டு, முன்பக்கப் போல்ட்டுகளில் மெக்கானிக் சொன்னபடி இடம் விட்டு, கெட்டி ஸ்பிரிங் கோத்தார். மறுபடி நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றியபோது, பெட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அரைநூலார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவு மட்டும் சிக்காமல் திறந்தது.

அடுத்த வாரம் விடியலில் கிளம்பினார்கள். அரை மணிக்கு ஒரு தடவை அவள் கேபின் பக்கச் சுவரைத் தட்டவேண்டும். ஒரு தட்டு என்றால் நலம், இரண்டு என்றால் வாந்தி. மூன்று மணி நேரம் ஒழுங்காக ஒற்றைத் தட்டு வந்தது. மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கியதும் நின்றுபோனது. அவர் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலுமாக அப்படியே நிறுத்திவிட்டு ஓடினார்.

கதவு சுலபமாகத் திறந்தது. தையல்காரி வாயைத் திறந்துகொண்டு, போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டியபடி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, மலை ஏற ஆரம்பிச்சுட்டோம்."

"அவ எப்படி இருக்கா தம்பி? வாந்தி எடுத்து வாடிப்போயிருப்பாளே."

"தூங்குறா."

"வண்டியிலயா?"

"வண்டியிலதான்."

"எழுப்பிடாதீங்க" என்றாள் அக்கா. "எட்டு வருஷம் இருந்துட்டேன். மெதுவாவே வாங்க."