தகட்டின் அடியில் வைத்த பொட்டு

செஞ்சிக் கடைத்தெருவில் தகரப் பட்டறை வைத்திருந்தவனுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் இல்லாமலே இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அறுபதுகளின் நடுவில், ஒரு கோடை. மழை விழுந்து மல்லாட்டைக் காட்டில், கடலைச் செடிகளில், கம்பளிப்பூச்சி கிளம்பினால் மேலிருந்து மருந்து தூவலாம் என்று ஒரு சின்ன விமானத்தைக் கொண்டுவந்து வறண்ட ஏரியில் இறக்கினார்கள். ஓட்டியவர் மெட்ராஸ்காரர், நாற்பது வயதிருக்கும். மருந்து சரியாக விழ வேண்டுமானால் மெதுவாகப் பறக்க வேண்டும். ரொம்ப மெதுவாகப் போனாலோ காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். விமானம் அப்படியே சரியும்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பாதித் தீப்பெட்டி அளவுக்கு அலுமினியத் தகட்டை வெட்டி, அடியை மடித்து, இறக்கையின் மேல்புறம் முன்விளிம்பு ஓரமாக வரிசையாய், கொஞ்சம் சாய்த்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு தகடும் காற்றைச் சுழற்றிவிடும். சுழன்ற காற்று இறக்கையோடு ஒட்டிக்கொண்டே ஓடும். வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் என்றார். என் வாயில் அது நுழையவில்லை, முள்ளு என்றேன். இரண்டாம் நாளிலிருந்து அவரும் முள்ளு என்றே சொன்னார்.

நாற்பது முள் வெட்டிக் கொடுத்தேன். வேலை நடக்கும்போது அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். விமானத்தை இரண்டே விரலில் பிடித்து ஓட்டுவாராம். அந்தக் கைகள்மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "மீட்டர்லாம் அப்புறம்தான் மேஸ்திரி. எப்ப விழும்னு கை முன்னாடியே சொல்லிடும்" என்பார்.

ஒட்டுகிற அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் பட்டறையில் எந்தப் புதுச் சாமானையும் மூளியாக வெளியே அனுப்புகிற பழக்கம் இல்லை. ஒரு புனல் என்றாலும் அடியில் ஒரு பொட்டு வைத்துத்தான் கொடுப்போம். அவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் வேணாம். பெட்ரோல்ல தொடச்சிட்டு விரல்கூட படாம ஒட்டணும்" என்று சிரித்தார். சிரித்ததால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆகாயத்துக்குப் போகிற சாமானாம், அது மூளியாகப் போவதாம்! அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் குங்குமத்தை ஒரு சொட்டு நல்லெண்ணெயில் குழைத்து, தகடுகளின் அடியில், பசை பூசுகிற பக்கத்தில், யாருக்கும் தெரியாமல் வைத்தேன். ஏழு வைப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். அந்த ஏழும் இடது இறக்கையின் நுனிக்குப் போயின.

மறுநாள் காலை உயரத்தில் சோதித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். ஏரிக்கு மேல் முதல் சுற்று, இரண்டு பனை உயரம் இருக்கும். அவ்வளவு மெதுவாக ஒரு விமானம் பறந்து நான் பார்த்ததில்லை. ராஜகிரி மலை பின்னால் நிற்க, அது காற்றில் சும்மா தொங்கியது. இரண்டாவது சுற்றில் இடது நுனியிலிருந்து என்னவோ மின்னிக்கொண்டு விழுந்தது. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துண்டை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. மூன்றாவது சுற்றில் இடது இறக்கை யாரோ பிடித்து இழுத்தது போல் சரிந்து, தரையில் குத்தியது.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களும் நானுமாக, தோள்பட்டை முறிந்த மனிதரை வெளியே இழுத்தோம். அவர் வலி என்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நான் இன்னா பண்ணேன்? நான் இன்னா பண்ணிட்டேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு ஏரியில் தேடி ஐந்து தகடுகளைப் பொறுக்கினேன். அடியில் பசை ஓரமாக மட்டும் பிடித்திருந்தது. நடுவில் சிவப்பாக, வட்டமாக, ஈரம் காயாமல் பொட்டு. அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுவாரம் விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கியது தன் கைப்பிழை என்று ஆஸ்பத்திரியிலிருந்தே அவர் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

ஐந்தையும் கிணற்றில் போட்டேன். போட்டு என்ன பயன்? வீட்டுக்காரி நெற்றியைப் பார்த்துப் பேச முடியவில்லை. "இன்னா, மூஞ்சிய திருப்பிக்கினே பேசுற?" என்று அவள் சண்டைக்கு வருவாள். ஆயுத பூஜைக்குக் கடையை அடைத்துவிட்டு எங்காவது போய்விடுவேன். வெள்ளை வெயிலில் எது மின்னினாலும் கழுத்து தானாக மேலே நிமிரும். பிறகு அந்தக் கேள்வி கேட்கும், அதே குரலில், காதோரத்தில்.

இரண்டு வருஷம் கழித்து அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முதுகில் மாட்டும் மருந்து மிஷின் விற்கிறாராம். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் என் முன் நீட்டினார்.

"நடுங்குதா பாரு, மேஸ்திரி."

"இல்ல சார்."

"மறுபடி ஓட்ட வான்னு கூப்பிடுறாங்க. என் கைமேல தப்பில்ல, வேற எதுவோதான்னு வீட்டுலயும் சொல்றாங்க. அன்னிக்கு கீழருந்து முழுசா பாத்தவன் நீ ஒருத்தன்தான். நீ சொல்லு. மூக்க தூக்குனது நான்தானே?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன். பொட்டு என்கிற ஒரு சொல் போதும். அந்தக் கைகள் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"ஆமா சார். கொஞ்சம் தூக்குனாப்பல தான் இருந்துச்சு."

அவர் கைகளை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து என் தோளைத் தொட்டார்.

"எல்லாரும் எனக்காகப் பொய் சொல்றாங்க மேஸ்திரி. நீ ஒருத்தன்தான் உண்மைய சொன்ன."