தகரத்துக்குக் கீழே எதை வைப்பது?

வீடு கட்டிக் கொடுக்கும் கொந்தராத்துத் தொழிலில் சுவர் எழுப்புவது சுகம். வெயிலை வெளியே நிறுத்துவதற்குள்தான் சீவன் போய்விடும். போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிப் பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சீமெந்து இல்லை, ஓடு இல்லை. சுண்ணாம்புக் கட்டு, பழைய தகரக் கூரை. மத்தியானம் உள்ளே நின்றால் மூளை உருகும்.

நெல்லியடித் தோட்டக்காரர் செல்லத்துரையர் தன் மகள் வசந்திக்கு அப்படி ஒரு சீதன வீடு கட்டுவித்தார். வசந்திக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். "பிள்ளையோடை வரேக்கை அறை குளிர்ந்திருக்கும் தங்கச்சி" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஓலை

தகரத்தின் உட்புறம் பனையோலை கட்டலாம் என்றேன். சூடு இறங்காது, உக்கினாலும் மண்ணோடு மண்ணாகிவிடும், யாருக்கும் கேடில்லை. செல்லத்துரையர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்வீடு எண்டு சொல்லியெல்லோ சம்பந்தம் பேசினனான். அண்ணாந்து பார்க்கிறவன் கொட்டில் எண்டு சொல்லமாட்டானே?"

உமி

சரி, கண்ணில் படாத பொருளாகப் பார்த்தேன். தகரத்துக்குக் கீழே மரச் சலாகை அடித்து, சாக்கு விரித்து, மில் மில்லாக அலைந்து சேர்த்த உமியை மேலே அரை அடிக்குக் கொட்டினேன். மூன்று கிழமை கழித்து ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் பாதிக்கு மேல் காணவில்லை. எலியைத் திட்டிக்கொண்டு இறங்கினேன். அடுப்படியிலிருந்து செல்லத்துரையரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"எலியில்லைத் தம்பி, நான்தான். மண்ணெண்ணெயும் இல்லை, விறகும் ஈரம். உமி மேலை சும்மாதானே கிடந்தது?"

சாதாளை

எரிக்க முடியாத பொருள் வேண்டும். தொண்டைமானாற்றுக் கரையில் ஒதுங்கும் கடற்புல்லான சாதாளை நினைவுக்கு வந்தது. காய்ந்தால் மெத்தை மாதிரி இருக்கும், இலேசில் தீப்பிடிக்காது. உப்பு தகரத்தைத் தின்றுவிடும் என்று கிணற்றடியில் மூன்று தரம் அலசி, உலர்த்தி, நானே மேலே பரப்பினேன். மத்தியானம் அறைக்குள் நின்று பார்த்தேன். குளிர்ந்திருந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியில் ஏற்ற உதவிய மீன்பிடிகாரர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

"உந்தச் சாதாளையை நாங்கள் வலையிலையிருந்து பிடுங்கி எறியிறம், நீங்கள் வீட்டுக்கு மேலை ஏத்திறியளோ?"

முப்பத்தோராம் நாள்

பிள்ளை பிறந்து, தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவுக்கு வரச் சொன்னார்கள். பாராட்டு வாங்கலாம் என்று உச்சி வெயிலில் போனேன். அறைக்குள் கால் வைத்ததும் அனல் அடித்தது. மேலே சாக்கு வெறுமையாகத் தொங்கியது.

செல்லத்துரையர் என் கையைப் பிடித்துப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வெங்காயம் கருகருவென்று நின்றது. யூரியாவுக்கும் தடை அல்லவா? சாதாளை முழுவதையும் உரமாகப் பாத்திக்குள் தாட்டிருந்தார். "நீர் உப்புக் கழுவி வைச்சது நல்லதாய்ப் போச்சுத் தம்பி" என்று முதுகில் வேறு தட்டினார். கோபத்தில் கையை உதறிக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்தால் வாசலில் வசந்தி, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் விசிறி. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"வெங்காயம் நல்லாய் விளைஞ்சிருக்காம் அண்ணை. என்ரை பிள்ளையின்ரை முதுகிலையும் வேர்க்குரு விளைஞ்சிருக்கு, வந்து பாருங்கோ."

அன்றிலிருந்து, கூரைக்குள் வைப்பதற்கு அடுப்புக்கும் தோட்டத்துக்கும் உதவாத பொருள் ஒன்றைத் தேடுகிறேன். யாழ்ப்பாணத்தில் அப்படி உபயோகமற்ற சாமான் இன்னும் என் கண்ணில் படவில்லை.