பன்னிரண்டு வெற்றுப் படங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து போன் வந்தது. நான் வழக்கமாக பிலிம் கழுவ அனுப்பும் லேப்காரர்.

"சார், உங்க ரோல் கழுவியாச்சு. க்ளியரா இருக்கு" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம், எல்லாமே ஒரே ஆளை எடுத்தது, முக்கியமான படங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"க்ளியர்னா... கண்ணாடி மாதிரி க்ளியர் சார். ஒண்ணுமே விழல."

பன்னிரண்டு படம். பன்னிரண்டும் காலி.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். மும்தாஜிடம் இதை எப்படிச் சொல்வது?

மும்தாஜ் யார் என்று சொல்வதற்கு முன்னால் கேமராவைச் சொல்லிவிடுகிறேன். இரட்டை லென்ஸ் கேமரா. என்னைவிட வயதில் மூத்தது. சின்னப் பெட்டி, முகப்பில் மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலே இருப்பது நாம் பார்க்க. கீழே இருப்பது பிலிமுக்கு. பெட்டியின் தலைப்பக்கத்தைத் திறந்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு மங்கல் கண்ணாடி. கழுத்தில் மாட்டி, வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து அதைப் பார்க்க வேண்டும்.

குனிந்தால்... அது வேறு ஒரு நெய்வேலி.

அதில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். பண்ருட்டி பஸ் வர வேண்டிய பக்கம் போகும். போர்டில் ஊர்ப் பெயர் திரும்பி நிற்கும். இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர் ஏதோ மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் போல மிதப்பார். எங்கள் பிளாக்கின் மரங்கள், இலை மேல் படிந்த சுரங்கத்துத் தூசு, அதற்குள் இறங்கும் வெயில் — எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் சின்னதாக, சத்தமில்லாமல், ஒளியோடு இருக்கும். பல காலைகளில் பட்டனை அழுத்தாமலே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். ஒரு ரோலில் பன்னிரண்டுதான் என்பதால் சிக்கனம் என்று மனைவியிடம் சொல்வேன். உண்மையில் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். அவ்வளவுதான்.

என் மனைவி டவுன்ஷிப் பள்ளியில் ஆசிரியை. அவள் ரவிக்கைகளைத் தைப்பவர்தான் மும்தாஜ். சொந்த ஊர் நெல்லிக்குப்பம். கணவர் சுரங்கத்தில் பர்மனென்ட். இரண்டு தெரு தள்ளிக் குவார்ட்டர்ஸ். வாசல் அறையில் மெஷின் போட்டிருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை அவர் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாகத் தானாக ஒழுகியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் இறங்கிப் போயிருந்தது. முகவாதம். வைத்தியத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் இடது உதட்டோரம் மட்டும் மேலே ஏறவில்லை. சிரித்தால் பாதி முகம் சிரிக்கும்; மீதி யோசித்துக்கொண்டிருக்கும்.

அதிலிருந்து யார் எதிரில் வந்தாலும், யார் போனைத் தூக்கினாலும் முக்காட்டின் ஓரத்தை இழுத்து இடது கன்னத்தை மறைத்துக்கொள்வார். அந்த மூன்று வருடத்தில் அவர் முழு முகத்தோடு ஒரு படம்கூட இல்லை. இப்போது மகள் நிலோஃபருக்குக் கல்யாணம். அந்தப் பெண் கறாராகச் சொல்லிவிட்டது: அம்மா மூஞ்சியை மூடிகினு நின்னா, என் கல்யாணத்துக்கு போட்டோகிராபரே வேணாம்.

மும்தாஜ் இதைச் சொல்லி என் மனைவியிடம் அழுதிருக்கிறார். என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? என்னைக் கேட்காமலே என்னை நேர்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு தடவை உக்காந்து பழகிக்குங்க. அவர் உங்க மூஞ்சியைப் பாக்கவே மாட்டார். குனிஞ்சு பெட்டியைத்தான் பாப்பார்" என்றாளாம்.

யோசித்தால், அதில் உண்மை இருக்கிறது. போன் கேமரா என்பது முகத்துக்கு நேராக நீட்டுவது. நீட்டியதும் எல்லோரும் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வோம். இந்தப் பெட்டிக்காரன் தலையைக் குனிந்து நிற்கிறான். எதிரில் இருப்பவருக்கு அவனுடைய வழுக்கைதான் தெரியும். வழுக்கையைப் பார்த்து யார் கூச்சப்படப் போகிறார்கள்?

ஒரு ஞாயிறு காலை மும்தாஜ் வந்தார். எங்கள் வாசலில் இருக்கும் மாமரத்தடியில் நாற்காலி போட்டோம். முதலில் முக்காட்டு ஓரம் கன்னத்திலேயே இருந்தது. நான் பெட்டிக்குள் குனிந்து போகஸைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சின்னச் சதுரத்துக்குள், அவர் கை மெல்ல இறங்கியது. முக்காடு தலையிலேயே இருந்தது. கன்னத்தை மூடியிருந்த ஓரம் மட்டும் நழுவியது. மரத்தின் ஊடாக வந்த வெயில் அவர் முகம் முழுக்க விழுந்தது. ஏறாத அந்த உதட்டோரத்திலும் விழுந்தது. தூரத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எங்கோ பார்த்தார். பிறகு நேராக என் பெட்டியைப் பார்த்தார். சிரித்தார்கூட.

அரை மணி நேரத்தில் பன்னிரண்டும் எடுத்தேன். இனி கேமராவையே விற்றாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அப்படி ஒரு காலை.

அந்தப் பன்னிரண்டுதான் ஒன்றுமில்லாமல் போனது.

லேப்காரர் போனை வைத்ததும் அலமாரியைத் திறந்தேன். கேமராவை எடுத்தேன். கீழ் லென்ஸின் மேல் கறுப்பாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது மூடி. மேல் லென்ஸுக்கு மூடி கிடையாது, வாங்கும்போதே இல்லை. அதனால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பிலிமுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. இத்தனை வருடம் பழகியவன் செய்கிற காரியமா இது?

இரண்டு நாள் மும்தாஜ் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். மனைவியிடம்கூட, லேபில் தாமதம் என்று பொய் சொன்னேன். ஒருத்தர் மூன்று வருடம் சேர்த்த தைரியத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் அதைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். இன்னொரு முறை உட்காருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

மூன்றாம் நாள் போனேன். அவர் மெஷினில் இருந்தார். முக்காட்டு ஓரம் வழக்கம்போல் கன்னத்தில். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மூடி, மறதி, மன்னிப்பு.

மெஷின் நின்றது.

"மூடி இருந்துச்சே சார். நான் பாத்தேன்" என்றார் மும்தாஜ்.

எனக்குப் புரியவில்லை.

"கீழ்க் கண்ணுல மூடி அப்படியே இருந்துச்சு. படம் எடுக்கிறது அந்தக் கண்ணுதான்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. படம் விழாதுன்னு தெரியும். அதனாலதான் முக்காட்ட வுட்டேன்."

அவர் துணியை மடிமேல் வைத்து நீவிக்கொண்டே பேசினார். முதலில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாராம். பிறகு, எப்படியும் ஒன்றும் பதியாது, கொஞ்ச நேரம் காற்றுப் படட்டுமே என்று தோன்றியதாம். நான் எப்போது கண்டுபிடிப்பேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"நீங்க தலையத் தூக்கவே இல்ல. மூஞ்சியத் தொறந்துகினு அவ்ளோ நேரம் ஒருத்தர் முன்னால உக்காந்தது அன்னிக்குத்தான் சார். ஒண்ணும் ஆவல."

பிறகு, நான் கேட்கப் பயந்துகொண்டிருந்ததை அவரே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வரேன். மூடிய எடுத்துடுங்க."

வந்தார். மூடியை நானே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். இந்த முறை முக்காட்டு ஓரம் நழுவ வெகுநேரம் பிடித்தது. முதல் ஐந்து படங்களில் கன்னம் மறைந்துதான் இருக்கிறது. ஆறாவதில் கை பாதி இறங்கியிருக்கிறது. ஏழாவதில் முழு முகம்.

பிரின்ட் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிலோஃபர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. கண் கலங்கியதை நாங்கள் பார்க்கக் கூடாதாம். மும்தாஜ் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோணிகினுதான் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நான்தான்" என்றார்.

போன வாரம் நெல்லிக்குப்பத்தில் கல்யாணம். மண்டபம் முழுக்கக் கேமரா, வீடியோ, ஆளுக்கொரு போன். மும்தாஜ் மகள் பக்கத்தில் நின்றார். ஒன்றிரண்டு முறை கை பழக்கத்தில் கன்னத்துக்குப் போனது. பாதி வழியில் நின்று இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், முகத்துக்கு என்ன ஆச்சு என்று நேராகவே கேட்டார். வாதம் வந்துச்சு, இப்போ இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, பிரியாணி சாப்பிட்டீர்களா என்று மும்தாஜ் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் என் பெட்டியோடு ஒரு ஓரத்தில் இருந்தேன். கூட்டம் குறைந்ததும் அவர் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"குடுங்க சார். இப்ப நீங்க நில்லுங்க."

எவ்வளவோ மறுத்தேன். என் மனைவியும் அவரோடு சேர்ந்துகொண்டாள். கேமராவை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, போய் நின்றேன். கையை எங்கே வைப்பது? முகத்தை என்ன செய்வது? அத்தனை வருடம் குனிந்தே நின்ற கழுத்து நிமிர மாட்டேன் என்கிறது.

பெட்டிக்குள் குனிந்தபடியே மும்தாஜ் சொன்னார்: "கூச்சப்படாதீங்க சார். ஒண்ணும் ஆவாது."

படம் நேற்று வந்தது. அருமையாக விழுந்திருக்கிறது — நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.