வினிபிரெட்டின் நாற்காலி

மாசசூசெட்ஸில் எங்கள் ஊரில், 1720-இல் கட்டி இப்போது அருங்காட்சியகமாக இருக்கிற பிளிம்ப்டன் வீட்டை, வருகிறவர்களுக்கு இருபது வருஷமாகச் சுற்றிக் காட்டுகிறவள் வினிபிரெட். முட்டிவலி தாங்காமல் ஒருநாள் தன் வீட்டுச் சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கணப்படுப்புப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அருங்காட்சியகக் கமிட்டிக்குப் புதுசாக வந்த தலைவர் லேத்ராப் இருக்கிறாரே, அந்த மகானுபாவர், அதைச் சுற்றிக் கயிறு கட்டி, 'பழம்பொருள், உட்காராதீர்கள்' என்று அட்டை மாட்டிவிட்டார்.

"அது என் நாற்காலிங்க."

"அத்தாட்சி இருக்காம்மா?"

சமையலறை நாற்காலிக்கு யார் அத்தாட்சி வைத்திருப்பார்கள்? அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் வீட்டைக் காட்டுகிறாள்.

போன சனிக்கிழமை வந்த ஒருவர் கேட்டார்: "இதுல யாரும்மா உக்காந்திருந்தாங்க?"

"முட்டிவலிக்காரி ஒருத்தி."

"அடப் பாவமே. எப்ப செத்தாங்க?"

"இன்னும் இல்ல. கயித்தைத் தொடாதீங்க."